சுருக்குவதற்கு முன்

புற்றுநோய் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் அன்று காலை லினக்ஸ் சர்வர் புதுப் படங்களை வாங்க மாட்டேன் என்றுவிட்டது. டிஸ்க்கில் புதுப் படங்களுக்கென்று பிரித்து வைத்த பகுதி, அதாவது பார்ட்டிஷன், நிறைந்திருந்தது. அடுத்த பார்ட்டிஷனில் பதினோரு வருடத்துப் பழைய படங்கள். அதில் பாதி இடம் சும்மா கிடந்தது. அதைச் சுருக்கி இதைப் பெரிதாக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் பாக்கியத்தாய் காத்திருந்தாள். போன வருடத்துப் படத்தோடு ஒப்பிட்டால்தான் கட்டி வளர்ந்ததா கரைந்ததா என்று டாக்டரால் சொல்ல முடியும்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேதநாயகத்துக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நஸீமாவுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். படிப்பென்று வந்துவிட்டால் வயதாவது மண்ணாவது என்பது அவர் கட்சி.

"சுருக்கிரட்டுமா டீச்சர்?"

"பேக்கப் எடுத்தாச்சா அண்ணாச்சி?"

"வெளி டிஸ்க்ல பத்திரமா இருக்கு." இடம் தீரப்போகிறது என்று முந்தின நாள் மாலையே நகலெடுக்கப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் அவர்.

"அப்ப பழைய படங்களை அழிச்சிருங்க. சுருக்கின பிறகு பேக்கப்ல இருந்து திருப்பி வச்சுக்கிடலாம்."

வேதநாயகம் அழிக்கும் ஆணையைத் தட்டினார். எண்டர் விசைமேல் விரல் போய் நின்றது. அந்த நகலை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.



அவர் வெளி டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்தார். பாக்கியத்தாயின் படத்தைத் தேடினார். இல்லை. நகல் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுபடி நகலெடுத்தார். இந்த முறை திறந்து, சரிபார்த்து, பிறகுதான் எழுந்தார். பார்ட்டிஷனைப் பயன்பாட்டிலிருந்து விடுவித்துப் பிழை இருக்கிறதா என்று சோதித்தார்கள். அவசரத்தில் அவர் பார்ட்டிஷனின் எல்லையைக் குறுக்கப் போனபோது நஸீமா தடுத்தாள்.

"முதல்ல உள்ள படங்களை அடுக்கி வச்சிருக்கிற ஃபைல் சிஸ்டம் சுருங்கட்டும். எல்லை அப்புறம். இல்லன்னா எல்லைக்கு வெளிய நிக்கிற படம் போயிரும்."

மதியம் இடம் கிடைத்தது. பாக்கியத்தாயின் புதுப் படமும் பழைய படமும் டாக்டர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

வேதநாயகத்துக்கு மனசு ஆறவில்லை. "காலையில நான் எண்டரைத் தட்டியிருந்தா?"

"ஒண்ணும் அழிஞ்சிருக்காது. சுருக்குறதுக்கு அழிக்கவே வேண்டியதில்ல. அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும்தான் முடியும், அழிக்க முடியாதுன்னு முன்னாலேயே மாத்தி வச்சிருந்தேன்."

"பிறகு எதுக்கு டீச்சர் என்னைப் பயமுறுத்தினீங்க?"

"பத்திரமா இருக்குன்னு சொன்னப்ப உங்க முகத்துல துளி பயம் இல்ல அண்ணாச்சி. அதைப் பார்த்து நான்தான் பயந்துட்டேன்."