நாற்பது யானைக்கு ஒரு தளம்

ஆவரங்காடு என்ற சின்ன நாட்டை விறல்மாறன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். குடிமக்கள் அனுப்பும் மனுக்களை வாங்கிவைக்க அரண்மனையில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவன் சேந்தன். ‘எறும்பு’ என்ற தளத்தில் தானே நிரல் எழுதி ஓட்டினான். எறும்புக்குக் கட்டணம் கிடையாது. கொஞ்சம் மெதுவாக நகரும், அவ்வளவுதான்.

மந்திரி ஏகம்பருக்குச் சேந்தனைக் கண்டால் ஆகாது. ஒருநாள் கடல்கடந்து வந்த வணிகர் ஒருவரைச் சபைக்குக் கூட்டிவந்தார். வணிகர் ‘கருடன்’ என்ற புதுத் தளத்தின் பெருமையை விலாவாரியாக அளந்தார். நொடிக்கு ஆயிரம் மனுக்களை விழுங்குமாம். ஆண்டுக் கட்டணம் நாற்பது யானை. அந்த நாட்டில் வருஷம் முழுக்க வருவதே முந்நூறு மனுதான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மன்னருக்கு ஆசை வந்துவிட்டது. யானைகள் போய்விட்டால் காட்டில் மரம் இழுக்க யார் இருக்கிறார்கள் என்று சேந்தன் மெல்லக் கேட்டான். அதுதான் வினையாகப் போயிற்று.

“அப்படியானால் கருடனைவிட வேகமான தளம் ஒன்றை நீ சொல். எறும்பைவிடச் செலவு குறைவாகவும் இருக்க வேண்டும்,” என்றார் மன்னர். “எட்டு நாள் தருகிறேன். முடியாவிட்டால் யானைகளுக்குப் பதில் நீ மரம் இழுப்பாய்.”

இலவசத்தைவிடக் குறைந்த விலையை எங்கே போய்த் தேடுவது? சேந்தன் தன் ஒல்லித் தோளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் வணிகரிடம் கருடனைச் சோதனைக்கு வாங்கி, இரண்டு தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டான். அஞ்சலை என்ற உப்புக்காரி ஒரு மனு கொடுத்திருந்தாள். வாய்க்காலில் அவள் வண்டி இறங்கிவிட்டது, தூக்கிவிட ஆள் வேண்டும். அதே மனுவை இரண்டிலும் போட்டான். கருடன் அரை இமைப்பொழுதில் திரைக்குக் கொண்டுவந்தது. எறும்புக்கு மூன்று இமைப்பொழுது ஆனது. ஆறு மடங்கு வேகம் என்று ஏகம்பர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

சேந்தன் அதோடு விடவில்லை. அஞ்சலைக்குப் பதில் எப்போது போகிறது என்று பார்க்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. காவலாளிதான் விஷயத்தைச் சொன்னான். மன்னர் திரையில் பார்த்து முத்திரை வைத்தால்தான் பதில் போகும். திரையும் முத்திரையும் இருப்பது கீழ்மண்டபத்தில். மன்னர் படுப்பது ஏழாம் தளத்தில். அவருக்கு முழங்கால் வலி. ஏறினால் ஆறு நாளைக்கு இறங்கமாட்டார். சாப்பாடு, வெந்நீர், வீணை வித்துவான் எல்லாமே கயிற்றுக்கூடையில்தான் மேலே போகும்.

ஆறாம் நாள் மன்னர் இறங்கிவந்து முத்திரை வைத்தார். அதற்குள் வண்டியிலிருந்த உப்பு முழுக்கக் கரைந்து, வாய்க்கால் மீன்கள் உயிரோடே கருவாடாகத் தொடங்கியிருந்தன.

எட்டாம் நாள் சபை கூடியது. சேந்தன் கைகட்டி நின்று கணக்கைச் சொன்னான். கருடனுக்கு ஆறு நாளும் அரை இமைப்பொழுதும். எறும்புக்கு ஆறு நாளும் மூன்று இமைப்பொழுதும். நடுவிலிருக்கும் இரண்டரை இமைப்பொழுதுக்குத்தான் நாற்பது யானை.

“அது கிடக்கட்டும். நான் கேட்ட தளம் எங்கே?” என்றார் மன்னர்.

“கிடைத்துவிட்டது அரசே. கருடனைவிட ஆறு நாள் வேகம். கட்டணம் இல்லை. அதற்கு மேல், கூடை இழுக்கும் எட்டுப் பேரின் கூலியும் மிச்சம்.”

ஏகம்பரின் முகம் கறுத்தது. வணிகர் ஏட்டை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாரானார்.

“அதன் பெயர் என்ன?” என்றார் மன்னர்.

“தரைத்தளம், அரசே.”

மன்னர் தன் முழங்காலைப் பார்த்தார், சேந்தனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மாலையே அவருடைய கட்டில் கீழே இறங்கியது. சேந்தனுக்கு ஒரு யானை பரிசு. காலியான ஏழாம் தளம் மந்திரி ஏகம்பருக்கு, கூடை இல்லாமல்.