ஏதேனும் ஒன்றில் மட்டும்

தர்மா டீச்சரிடம் வயலின் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கிளாரினெட்டோடு வருகிற ஒரே ஆள் மாசிலாமணி. அவருக்கு ஐம்பத்தாறு வயது. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மாடிப்படி ஏறி வந்ததும் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்து, "டீச்சர், வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். டீச்சரோ அவரை "வாங்கண்ணே" என்று எழுந்து நின்று கூப்பிடுவார். யாருக்கு யார் மரியாதை கொடுப்பது என்று தினமும் ஒரு போட்டி.

மாசிலாமணி பேண்டு செட்காரர். மாயவரத்தில் கல்யாண ஊர்வலம் என்றால் அவர், சாவு என்றாலும் அவர். மாதாகோயில் தேர்பவனியில் வாசிப்பார். தர்காவில் சந்தனக்கூடு எடுத்தால் அங்கேயும் வாசிப்பார். காவடிக்கு வாசித்தால் ஆடாதவன் காலும் ஆடும். இவ்வளவும் போதாதென்று ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் சைக்கிள் கடையைத் தாண்டிப் போகும்போது, மேலே மாடியில் டீச்சர் செஞ்சுருட்டி ராகம் வாசித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் கார் கடைத்தெருவையே தாண்டிப் போய்விட்டது. பிறகு யாரோ ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். மறுநாள் காலையிலேயே டீச்சர் வீட்டுப் படியில் வந்து நின்றார்.

நானும் டீச்சரின் மாணவன்தான். ஆறு வருஷமாக வயலினைச் சித்திரவதை செய்கிறேன், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மூலையில் உட்கார்ந்து தந்தி மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

மாசிலாமணி கையில் ஒரு பாரம் வைத்திருந்தார். டவுன் சபாவின் இசை விழாவுக்கான விண்ணப்பம். அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு கடைசி.

"எல்லாம் எழுதிட்டேன் டீச்சர். ஒரே ஒரு இடம்தான் பாக்கி."

டீச்சர் வாங்கிப் பார்த்தார். மூன்று கட்டங்கள். கர்நாடக இசை. கிராமிய இசை. மெல்லிசை. கீழே சின்ன எழுத்தில், 'ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.'

"போன வருஷம் எதுல போட்டீங்க?"

"அதை ஏன் கேக்குறீங்க?" என்றார் மாசிலாமணி. ஆனால் சொன்னார்.

போன வருஷம் கர்நாடக இசையில் போட்டாராம். தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். செஞ்சுருட்டி வாசித்தார். நடுவில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "பிரமாதமா இருக்குய்யா. ஆனா நடுவுல தெருவுக்கு இறங்கிட்டியே. இது கிராமியம். எதிர் ரூமுக்குப் போ" என்றார். எதிர் ரூமிலும் மூன்று பேர். அவர்களும் கேட்டார்கள். அதில் ஒரு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதுல ராகம் ரொம்பக் கூடிப்போச்சே. மண் வாசனை வரணும்ல? நீங்க அந்த ரூமுக்குத்தான் போகணும்" என்று கையைக் காட்டினார்.

"அந்த ரூமுக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல ஒரு வராந்தா டீச்சர். அதுல ஒரு பெஞ்சு. அதுலதான் பாக்கியம் உக்காந்திருந்தா."

பாக்கியம் அவர் மனைவி. ஐப்பசியில் போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல்தான். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ஊரில் எத்தனையோ சாவுக்கு வாசித்த மனுஷர், அன்றைக்குக் கிளாரினெட்டைத் தொடவில்லை.

"தீபாவளிப் புடவையைக் கட்டிக்கிட்டு வந்திருந்தா. நான் ரெண்டாவது ரூம்லேர்ந்து வெளியில வந்ததும் மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டா. ஒண்ணும் கேக்கல. 'சோறு கொண்டாந்திருக்கேன், சாப்பிடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னா."

டீச்சர் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் டீச்சர். நான் உக்காந்து வாசிக்கணும். 'சின்ன வயசுலேர்ந்து தெருத்தெருவா நடந்துக்கிட்டே வாசிக்கிறீங்க. கால் வீங்கிப் போய் வர்றீங்க. ஒரு நாளாவது ஜமக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்து வாசிங்க. நான் முன்னாடி உக்காந்து பாக்கணும்'பா. இந்தச் சபா மேடையில ஜமக்காளம் போடுவாங்க டீச்சர். நான் போய்ப் பாத்துட்டு வந்திருக்கேன். நீலக் கலர்."

"அண்ணி இல்லையேண்ணே இப்ப."

"இல்லைதான்" என்றார் மாசிலாமணி. "இருந்தாலும் உக்காரணும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். "சொல்லுங்க டீச்சர். நான் வாசிக்கிறதுக்கு என்ன பேரு? அது தெரிஞ்சா டிக் அடிச்சுட்டுப் போயிருவேன்."

"வாசிங்க."

"இப்பவா?"

"வாசிங்கண்ணே."

எழுந்து நின்றார். நின்றால்தான் அவருக்கு மூச்சு வரும். செஞ்சுருட்டியைத் தொட்டார். முதலில் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே அடக்கமாக வந்தது. பிறகு எங்கேயோ காவடியின் துள்ளல் வந்து சேர்ந்தது. அது எப்போது மாதாகோயில் பாட்டாக ஆனது என்று நான் கவனிக்கவே இல்லை. அப்புறம் ஒரு பிரசவ வீட்டுச் சந்தோஷம் மாதிரி இருந்தது. அடுத்த கணம் பாடைக்கு முன்னால் நடக்கிற வாசிப்பு. சும்மா சொல்லக்கூடாது, கீழே சைக்கிள் கடையில் பம்பு அடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

வாசித்து முடித்ததும் மாசிலாமணி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க டீச்சர் தப்பு?"

"தப்பு இல்லையே."

"அப்ப எந்த இடத்துல நான் தெருவுக்கு இறங்குறேன்? அதைக் காட்டிக் கொடுங்க. அந்த இடத்தை வெட்டிடறேன்."

"உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியலையே."

"எனக்கும் தெரியலண்ணே."

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. டீச்சர்மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இப்படிச் சொன்னா எப்படி? மணி மூணே கால் ஆச்சு. நானே வெட்டிடறேன், பாருங்க" என்று மறுபடி எடுத்தார். இந்த முறை ராகத்தை மட்டும் வாசித்தார். துள்ளல் இல்லை, அழுகை இல்லை. சுரம் சுத்தமாக இருந்தது. எங்கேயும் பிசகவில்லை. எனக்கானால் கொட்டாவி வந்தது.

டீச்சர் கேட்டார். "இது யாரு வாசிச்சது?"

"நான்தான் டீச்சர்."

"அப்படியா?" என்றார் டீச்சர்.

மாசிலாமணி கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கே டீச்சர்மேல் கோபமாக வந்தது. ஒரு கட்டத்தில் ஒரு டிக் போட்டுக் கொடுத்தால் என்ன? பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷரைப் போட்டு இப்படி வாட்ட வேண்டுமா?

டீச்சர் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ரேஷன் கார்டு நகல் ஒன்று குத்தியிருந்தது. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது யாருண்ணே, கோயில்மணி?"

மாசிலாமணி முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு. அத்தனை வருத்தத்துக்கும் நடுவில் அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"நான்தான் டீச்சர்."

"நீங்க மாசிலாமணி."

"கார்டுல கோயில்மணி. எல்லாம் அவ பண்ண வேலை. கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தப்ப நான் ஊர்ல இல்ல, கும்மோணத்துல ஒரு கல்யாணம். வந்தவரு 'வீட்டுக்காரர் பேரு என்னம்மா'ன்னு கேட்டிருக்காரு. அவ எங்க சொல்லுவா? என் பேரை வாயால சொன்னதே கிடையாது. பக்கத்து வீட்லயும் ஆள் இல்ல. இவ என்ன பண்ணா தெரியுமா? 'கோயில்ல தொங்கும்ல, டாங் டாங்னு அடிப்பாங்கள்ல, அது. ஆனா அழுக்கே இல்லாதது'ன்னு ஜாடை காட்டியிருக்கா. அந்தாளு 'சரி சரி, புரிஞ்சுது'ன்னு கோயில்மணின்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். டீச்சரும் சிரித்தார்.

"மாத்தலையா?"

"மாத்தலாம்னு கிளம்பினேன். அவ விடல. 'இருக்கட்டும். அது உங்க பேரு இல்லையே, அதனால நான் வாய்விட்டுச் சொல்லலாம்'னா. ரேஷன் கடையில போய் நின்னுக்கிட்டு 'கோயில்மணி குடும்பம்!'னு கத்துவா பாருங்க, ரெண்டு தெருவுக்குக் கேக்கும்."

சொல்லும்போதே துண்டை எடுத்து முகத்தை அழுத்திக்கொண்டார். டீச்சர் அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

பிறகு கேட்டார். "வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?"

"யாரு, அவளா? 'கேட்டீங்களா'ம்பா. அவ்வளவுதான். 'கேட்டீங்களா, சோறு ஆயிடுச்சு.' 'கேட்டீங்களா, மழை வருது.' தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான்."

"அப்ப அண்ணி 'கேட்டீங்களா'ன்னா தெருவுல இருக்குற ஆம்பளைங்க எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களா?"

"அதெப்படி டீச்சர் பாப்பாங்க?"

"ஏன்?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க! அவ குரல் எனக்குத் தெரியாதா?"

டீச்சர் மேசையிலிருந்து பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எதுல போட?" என்றார் மாசிலாமணி. பழைய கேள்விதான். ஆனால் அந்தக் கோபம் இப்போது இல்லை.

"கோயில்மணிங்கிற பேருக்கு எத்தனை வருஷமா அரிசி வாங்குனீங்க?"

"அது ஆச்சு, இருபது வருஷத்துக்கு மேல."

"சாப்பிட்டது யாரு?"

"நாங்கதான்."

"அப்ப ஏதாவது ஒண்ணுல போடுங்க."

மாசிலாமணி கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்தார். அப்புறம் குனிந்து ஒரு கட்டத்தில் டிக் போட்டார். எதில் போட்டார் என்று எட்டிப் பார்த்தேன். துண்டு மறைத்துவிட்டது. பிறகு கேட்கவும் தோன்றவில்லை.

கிளாரினெட்டைப் பிரித்துப் பெட்டியில் வைத்தார். பாரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், கசங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி எடுத்துப் பிரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். செருப்பை மாட்டினார். இரண்டு படி இறங்கியவர் நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இந்தத் தடவை உக்கார விடுறாங்கன்னே வெச்சுக்குவோம். ஜமக்காளத்துல உக்காந்து வாசிக்கிறேன். வாசிச்சு முடிச்சதும் யாராவது ஒருத்தர் கேக்கத்தான் போறாரு, 'நல்லா இருக்கு, ஆனா இது என்ன'ன்னு. என்னன்னு சொல்லட்டும்? முன்னாடி உக்காந்து பாக்குறதுக்கும் ஆள் இல்ல. யாருக்குன்னு வாசிக்கிறது?"

டீச்சர் வாசல்வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முப்பது வருஷம் அண்ணி பேரு சொல்லாமலே உங்களைக் கூப்பிட்டாங்க. ஒரு தடவையாவது திரும்பாம இருந்திருக்கீங்களா?"

"இல்ல டீச்சர்."

"இப்ப நீங்க கூப்பிடுங்கண்ணே."