சில்லாற்றுக் காவல் கூட்டம்

கரடிமலையில் பிறந்து காட்டுக்குள் இறங்கும் சில்லாற்றின் நடுவே ஆழமான மடு ஒன்று இருந்தது. அதன் கரையில் நீலி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது.

ஒரு கோடையில் ஆறு கலங்கத் தொடங்கியது. சிறு தூறல் விழுந்தாலும் மலைச்சரிவிலிருந்து செம்மண் கரைந்து வந்தது. அங்கே காட்டுப்பன்றிகள் கிழங்கு தேடித் தரையைக் கிளறிப் போட்டிருந்தன. மடுவின் அடியில் சேறு ஏறிக்கொண்டே வந்தது. கலங்கிய நீரில் மீன் கண்ணுக்குத் தெரியவில்லை. பல நாள் நீலியின் குட்டிகள் ஆளுக்கொரு நண்டைத் தின்றுவிட்டு அரை வயிற்றோடு படுத்தன.

இப்படியே விட்டால் மடு தூர்ந்துவிடும் என்று நீலிக்குப் புரிந்தது. பன்றிகளைத் தவிர, ஆற்று நீர் குடிக்கும் எல்லோரையும் பெரிய பாறைக்கு வரச் சொல்லி மீன்கொத்தியை அனுப்பியது. முப்பது பேர் வந்தார்கள். மான் வந்தது, மலை அணில் வந்தது, முள்ளம்பன்றி வந்தது. ஆமை மட்டும் கூட்டம் முடியும் நேரத்தில் வந்து சேர்ந்தது.

கரையெங்கும் நாணல் நடுவது என்று முடிவாயிற்று. நாணல் வேர் பிடித்தால் மண்ணும் பிடிபடும். காட்டுப்பன்றிகளைச் சரிவுக்கு வரவிடாமல் தடுக்க முள்ளம்பன்றியைக் காவல் வைத்தார்கள். எல்லோரும் உற்சாகமாகக் கலைந்தார்கள்.

மறுநாள் வேலை தொடங்கியது. தொல்லையும் கூடவே தொடங்கியது.

நீலி நல்ல உழைப்பாளி. ஆனால் பிறர் செய்யும் வேலை அதன் கண்ணுக்குப் பிடிக்காது. மான் நட்ட நாணல் வரிசை கோணலாக இருக்கிறது என்று பிடுங்கி நேராக நட்டது. அணில் எடுத்து வந்த நாணல் தூர்கள் சிறியவை என்று திருப்பி அனுப்பியது. ஆமை தான் நட்ட தூர்களின் மேலேயே ஏறி ஊர்வதைப் பார்த்து, நசுக்குகிறதே என்று பதறி, ஐந்து தூரையும் எடுத்து வேறு இடத்தில் வைத்தது. யாராவது ஒருநாள் வராவிட்டால், மறுநாள் எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டது.

யாரும் சண்டை போடவில்லை. அணிலுக்குக் கூடு கட்டும் வேலை வந்தது. மானுக்குக் கால் வலி வந்தது. பன்றிகளை விரட்டி விரட்டி அலுத்துப்போன முள்ளம்பன்றி சொல்லாமலே நின்றுவிட்டது. ஒரு மாதத்தில் நீலியும் மீன்கொத்தியும் மட்டுமே மிஞ்சினார்கள்.

பெருமழைக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. கரையில் பாதிகூட முடியவில்லை. நீலி சோர்ந்துபோய்ப் பாறையில் உட்கார்ந்தது. இந்தக் காட்டில் யாருக்கும் ஆற்றைப் பற்றி அக்கறை இல்லை என்று புலம்பியது.

மீன்கொத்தி அதன் அருகில் வந்து உட்கார்ந்தது. பிறகு, "அக்கறை இல்லாமலா முப்பது பேர் வந்தார்கள்? நீ கூப்பிட்டால் வருகிறார்கள், அக்கா. வந்த பிறகுதான் போய்விடுகிறார்கள்" என்றது.

நீலிக்குக் கோபம் வந்தது. விருட்டென்று தண்ணீரில் இறங்கி நீந்திப் போய்விட்டது. ஆனால் அந்தச் சொல் கூடவே வந்தது. சிறிது தூரத்தில் மணல்திட்டில் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நீலி கரையேறி அதனருகில் போய் நின்றது.

"ஏன் வருவதில்லை?" என்று மெதுவாகக் கேட்டது.

"நான் ஐந்து தூர் நட்டேன். ஐந்தையும் நீ பிடுங்கினாய். அப்புறம் நான் எதற்கு?" என்றது ஆமை.

"நீ அதன்மேல் ஏறி நசுக்கினாயே."

"நசுக்கவில்லை. நட்ட இடத்தில் மண் பொலபொலவென்று இருந்தால் முதல் வெள்ளமே தூரைக் கொண்டுபோய்விடும். என் ஓட்டை வைத்து மண்ணை அழுத்தினேன்."

நீலி திரும்பிப் போய், தான் நட்ட வரிசையைத் தொட்டுப் பார்த்தது. ஒரு தூரை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அதற்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலைக்குள் நீலி மானையும் அணிலையும் முள்ளம்பன்றியையும் அவரவர் இடத்துக்கே போய்ப் பார்த்தது. தவறு தன்னுடையது என்று சொன்னது. யாருக்கு எந்த வேலை முடியும், எந்த நாள் முடியும் என்று கேட்டது. மான் காலையில் மட்டும் வருவதாகச் சொன்னது. கூடு கட்டி முடித்ததும் வருவதாக அணில் சொன்னது. முள்ளம்பன்றி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பன்றிகளோடு மல்லுக்கட்ட இனி தன்னால் ஆகாது என்றது.

மறுநாள் காலையில் நீலி தானே சரிவில் ஏறியது. காட்டுப்பன்றிகளின் தலைவன் கட்டையன் மண்ணுக்குள் மூக்கை விட்டு நின்றது. அதன் கோரைப்பற்களைப் பார்த்தும் நீலி விலகவில்லை.

"கட்டையண்ணே, இந்த மண்ணெல்லாம் மழையில் கரைந்து மடுவை மூடுகிறது. என் பிள்ளைகளுக்கு மீன் இல்லை" என்றது.

கட்டையன் தலையைத் தூக்கியது. "நாங்களும் அந்த ஆற்றில்தான் குடிக்கிறோம். முதல் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. முள்ளைத்தான் அனுப்பினீர்கள்."

"தப்புதான். இப்போது கூப்பிட வந்திருக்கிறேன்."

கிழங்கு கிடைப்பது அந்தச் சரிவில் மட்டும்தான், அதை விட்டுப் போக முடியாது என்று கட்டையன் சொன்னது. வெகுநேரம் இருவரும் பேசினார்கள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. மேலிருந்து கீழாகக் கிளறுவதை விட்டுச் சரிவின் குறுக்கே கிளறினால், கிழங்கும் கிடைக்கும். ஓடிவரும் மழைநீரும் கிளறிய பள்ளத்தில் தங்கும். பன்றிகள் அதற்கு ஒப்புக்கொண்டன. பள்ளத்தின் ஓரமெல்லாம் புல் நடுவது மற்றவர்கள் பொறுப்பு.

அதன் பிறகு வேலை ஓடியது. வரிசை கோணலாகத்தான் போனது. நீலிக்குச் சில நேரம் கை துறுதுறுக்கும். அப்போதெல்லாம் அது ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டு வரும். ஆமை பின்னாலேயே ஊர்ந்து மண்ணை அழுத்தியது.

பெருமழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. கீழ்ச்சரிவில் ஒரு மூலை மட்டும் இடிந்து விழுந்தது; அங்கே பள்ளம் வெட்ட நேரம் போதவில்லை. மற்ற இடத்து மண் அசையவில்லை. மழை விட்ட நான்காம் நாள் மடு தெளிந்தது. நீலியின் குட்டிகள் வயிறு புடைக்கக் கெண்டை மீன் தின்றுவிட்டு, வெயிலில் மல்லாந்து தூங்கின.

இடிந்த மூலையை என்ன செய்வது என்று பேசப் பாறையில் மீண்டும் கூட்டம் கூடியது. இம்முறை பன்றிகளும் வந்தன. கல் அடுக்கலாம் என்றது கட்டையன். மூங்கில் நடலாம் என்றது மான். இருவரும் விடாமல் வாதாடினார்கள். நீலிக்கும் ஒரு யோசனை இருந்தது. ஆனால் அவர்களே பேசி முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டு, நிம்மதியாக மீன் பிடிக்கப் போனது.

உதவ வந்தவரின் வேலையை மதித்து அவரிடமே விடுகிறவருக்குத்தான் துணை நிலைக்கும்.