தெரிந்த பெயர்

“அம்மா, நம்ம குடிலுக்குள்ள ஒரு துரோகி இருக்கு.”

கமலவேணி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உட்காருங்க தணிகாசலம்.”

“உட்கார நேரமில்லம்மா.”

“அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க.”

தணிகாசலம் போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மலையேறி வந்து பூமலைக் குடிலில் சீடராகச் சேர்ந்தார். குரு கமலவேணி அவருக்கு மகள் வயதுதான். அதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. எல்லோரையும் போல அவரும் அம்மா என்றே அழைத்தார். ஆட்களைச் சந்தேகிக்கும் பழக்கம் மட்டும் யூனிபார்மோடு கழன்று போகவில்லை.

நடந்தது இது.

பூங்கோதை, எடிசன் என்று ஒரு இளம் தம்பதி குடிலில் அடைக்கலமாக இருந்தார்கள். சாதி மாறி மணம் முடித்தவர்கள். பெண்ணின் தாய்மாமன் ஆள் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். கோவையில் எடிசனின் நண்பன் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். முந்தின நாள் இருவரும் ரயிலேறப் போனார்கள். அவர்கள் ஏற வேண்டிய பெட்டியின் வாசலிலேயே தாய்மாமன் நின்றிருந்தார். கூடவே ஆட்கள்.

மறுபக்கம் தண்டவாளத்தில் குதித்துத் தப்பினார்கள். முட்டைக்கோஸ் ஏற்ற மலைக்கு வந்த காலி லாரியில் திரும்பினார்கள். எடிசனின் முன்கையில் கத்தி கிழித்திருந்தது. பின்னறையில் படுத்திருந்தான். பூங்கோதை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“எந்த ஸ்டேஷன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா தற்செயல்னு விட்டுடலாம்மா,” என்றார் தணிகாசலம். “எந்தப் பெட்டின்னு எப்படித் தெரியும்? உள்ளேயிருந்துதான் போயிருக்கு.”

“யாரு?”

அவர் சமையற்கட்டுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“சிவகாமி.”

சிவகாமி குடிலில் சமையல் பார்ப்பவர். வந்து அதிக நாள் ஆகவில்லை.

“எதை வச்சுச் சொல்றீங்க?”

“அந்தப் பொண்ணோட ஊருக்குப் பக்கத்து ஊரு. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி போயி போன்ல குசுகுசுன்னு பேசுது. ஆள் வந்தா வச்சிருது. பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிக் குடுத்ததும் அதுதான்.”

“பெட்டி நம்பர் அவங்களுக்குத் தெரியுமா?”

“காதுல விழுந்திருக்கும்.”

“யார் சொல்லி விழுந்துச்சு?”

“அதைத்தான் விசாரிச்சேன். காலையில போனை வாங்கிப் பார்த்தேன்.”

“குடுத்தாங்களா?”

“வாங்கினேன்.”

“என்ன இருந்துச்சு?”

“பேர் போடாத ஒரே நம்பர். திரும்பத் திரும்ப அதுக்குத்தான் பேசியிருக்கு. நானே கூப்பிட்டேன். ஒரு பொம்பளை எடுத்துச்சு. யாரு, எந்த ஊருன்னு ஒரு அதட்டு அதட்டினேன். டக்குனு வச்சிருச்சு. அதோட அந்த போன் ஸ்விட்ச் ஆஃப். இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்? இன்னிக்கே அனுப்பிடணும்.”

கமலவேணி கத்தியைக் கீழே வைத்தார்.

“இன்னிக்கு நீங்க வாசல்ல இருங்க. யாரையும் விசாரிக்காம உள்ள விடாதீங்க.”

தணிகாசலத்துக்கு முகம் மலர்ந்தது.

“நீங்க சொல்லணுமாம்மா!”

வாசல் கேட்டை இழுத்துத் தாழ் போட்டு, நாற்காலியைக் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பால்காரர் வந்தார். தினமும் வருபவர்தான். கேனைத் திறந்து காட்டச் சொன்னார். வண்டியின் சீட்டைத் தூக்கச் சொன்னார்.

“பாலுக்குள்ள என்ன சாமி இருக்கப்போவுது?”

“தண்ணி இருக்கும். இன்னும் என்ன இருக்குன்னுதான் பார்க்கிறேன்.”

கும்பிட வந்த ஒரு வயதான தம்பதியிடம் எந்த ஊர், யார் வழி சொன்னார்கள், ஏன் கையில் பை இல்லை என்று கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்கள்.

அடுத்து, தோளில் கயிறும் இடுப்பில் பிளையருமாக ஒருவர் வந்தார். அன்று காலையிலிருந்து குடிலில் கரன்ட் இல்லை.

“லைன்மேன் மாதேசனுங்க.”

“மாதேசனா?”

“ஆமாங்க. போன் பண்ணியிருந்தீங்களே.”

“மாதேசன்னு பேரு தெரியும். மூஞ்சி தெரியாதே.”

அடையாள அட்டையை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த போட்டோவில் மீசை இருந்தது. எதிரில் நின்றவருக்கு இல்லை.

“மீசை எங்க?”

“போன மாசம் மொட்டை போட்டேங்க. குலதெய்வத்துக்கு.”

தணிகாசலம் கரன்ட் ஆபீஸுக்குப் போன் போட்டார். அவர்கள் ஆமாம் என்று சொன்ன பிறகும், மாதேசனின் மேலதிகாரி பெயரை இருபக்கமும் கேட்டுச் சரிபார்த்தார். அதற்குள் மாதேசனின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

கமலவேணி வந்து பக்கத்தில் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

“பேரு தெரியும்னு சொன்னீங்களே?”

“பேரு தெரிஞ்சா ஆச்சாம்மா? அந்தப் பேரை எவன் வேணும்னாலும் சொல்லிக்கிட்டு வரலாம்.”

“சரிதான்.”

மாதேசன் உள்ளே போய்க் கம்பத்தில் ஏறினார். கமலவேணி அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்து தன் போனை எடுத்து மடியில் வைத்து ஏதோ செய்தார். துறவுக்கு முன்பு அவர் போன் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்.

“தணிகாசலம், உங்க போன் எங்க?”

“பையில இருக்கும்மா.”

“என்ன பண்ணிக்கிட்டு இருக்கு?”

“சும்மா இருக்கு.”

“எடுத்துப் பாருங்க.”

எடுத்துப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லம்மா. நம்ம வைஃபைலதான் இருக்கு. பூமலைக் குடில்.”

கமலவேணி கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

கம்பத்தின் மேலிருந்து மாதேசன் கத்தினார். “சாமி! கம்பி அந்து கிடக்குது! கரன்ட் வர இன்னும் நேரமாவும்!”

தணிகாசலம் கம்பத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

“வைஃபை பெட்டி கரன்ட்லதானேம்மா ஓடுது?”

“ஆமா.”

“அப்ப இது எது?”

கமலவேணி தன் போனை அவர் கையில் கொடுத்தார். அதிலிருந்து இணையத்தைப் பிறருக்குத் திறந்துவிட்டிருந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பூமலைக் குடில்’.

“நான் இதுல சேரச் சொல்லலையேம்மா. பையிலதானே இருந்துச்சு.”

“உங்க போன் யாருன்னு கேட்டுச்சா?”

தணிகாசலம் வாசலில் குறுக்கே கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

“இவங்களுக்கு ரயில் டிக்கெட்டை எங்க வச்சுப் போட்டீங்க?”

“கீழ... பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில.”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

டிக்கெட் போட்ட அன்று அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தபோது குடிலின் பெயர் தெரிந்தது. மலை உச்சியிலிருந்து இவ்வளவு தூரம் எட்டுகிறதே என்று டீ மாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னார். திரையில் ஒரு பக்கம் வந்தது. மெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் மறுபடி போடுங்கள் என்றது. போட்டார். டிக்கெட் அந்த மெயிலுக்குத்தான் வந்தது. பெட்டி எண்ணோடு.

“அப்ப சந்தேகமே வரலம்மா. நம்ம பேரா இருந்துச்சு.”

“யாரோ அங்க அந்தப் பேரை வச்சிருக்காங்க. அது யாருக்கெல்லாம் தெரியும்?”

“சாப்பாட்டுக் கூடத்துல எழுதி ஒட்டியிருக்கே. வர்றவங்க எல்லாருக்கும்.”

சொல்லிவிட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பினார்.

“போன வாரம் ரெண்டு பேர் வந்தாங்கம்மா. உங்க கால்ல விழுந்து கும்பிட்டாங்க. கூடத்துல நின்னு போட்டோ எடுத்தாங்க. என் ஊர்க்காரங்கன்னு சொன்னாங்க. நான்தான் ரெண்டாந்தரம் பாயசம் ஊத்தினேன்.”

“விசாரிச்சீங்களா?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“மரியாதையா இருந்தாங்க.”

காற்று அடித்தது. கேட்டின் தாழ் ஆடியது.

“வர்றவங்க சிரமப்படக் கூடாது, வைஃபைக்குக் கடவுச்சொல் வேண்டாம்னு சொன்னது நான்,” என்றார் கமலவேணி. “இதுல என் பங்கும் இருக்கு. மெயிலைத் திறங்க. அது இன்னும் எந்தெந்த போன்ல திறந்திருக்குன்னு காட்டும்.”

இரண்டு போன்களைக் காட்டியது. ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் கண்ணால் கண்டிராதது. கீழே டவுனில் இருந்தது. அன்று காலையில்கூட யாரோ அதிலிருந்து அவர் மெயிலைப் பார்த்திருந்தார்கள்.

அடுத்த கணம் தணிகாசலத்தின் கண்ணில் பழைய எஸ்.ஐ. எழுந்தார்.

“இதை மூட வேண்டாம்மா. இதுலயே சென்னைக்கு ஒரு டிக்கெட் போடுறேன். அவனுங்க அங்க போயி நிக்கட்டும். நாம இவங்களை வேற பக்கம் அனுப்பிடலாம்.”

“அந்தப் பெட்டியில அன்னிக்கு வேற ஒரு பொண்ணும் பையனும் ஏறினா?”

தணிகாசலம் அந்த அறியாத போனை மெயிலிலிருந்து வெளியேற்றினார். கடவுச்சொல்லை மாற்றினார்.

“இப்ப, உங்க போனுக்குத் தெரிஞ்ச பேரையெல்லாம் பாருங்க.”

பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஜங்ஷன். பழனி லாட்ஜ். யாருடைய கல்யாணத்துக்கோ போன மண்டபம். ஒவ்வொன்றிலும் ‘தானாகச் சேரவும்’ என்பது பச்சையாக இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் ‘மறந்துவிடு’ என்று ஒரு பொத்தான்.

அழித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஓர் ஆஸ்பத்திரியின் பெயர்.

“இதுல இருந்துதாம்மா துபாய்ல இருக்கிற மகனுக்கு வீடியோ போட்டேன். அவன் அம்மாவைப் பார்க்கணும்னான். கடைசியா.”

கமலவேணி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

தணிகாசலம் பொத்தானை அழுத்தினார்.

பிறகு எழுந்து சமையற்கட்டுக்குப் போனார்.

சிவகாமி அடுப்பில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் போனை முந்தானைக்குள் மறைத்தார்.

“தப்பு என்னோடதுதான் சிவகாமி. என் போன்ல இருந்துதான் போயிருக்கு.”

சிவகாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க கூப்பிட்டீங்களே, அது என் மக. இவங்களை மாதிரியே வீட்டை விட்டுப் போனவ. அவ அப்பாவும் மாமனுங்களும் இன்னும் தேடுறாங்க. என்கிட்ட மட்டும்தான் பேசுவா. அதுவும் ஒளிஞ்சு ஒளிஞ்சு.”

“நான் வேணும்னா மறுபடி கூப்பிட்டு...”

“எங்க கூப்பிடுவீங்க? ஆம்பளைக் குரல், யாரு, எந்த ஊருன்னு அதட்டினா அவ என்ன நினைப்பா? கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நினைப்பா. நம்பரைத் தூக்கிப் போட்டிருப்பா. இந்நேரம் ஊரையே விட்டுப் போயிருப்பா.”

“போலீஸ்ல எனக்குத் தெரிஞ்ச பசங்க இருக்காங்க. சொன்னா தேடிக் கண்டுபிடிச்சுத் தருவாங்க.”

“தேடாதீங்க,” என்றார் சிவகாமி. “அவளைத் தேடாதீங்க. அது போதும்.”

பானை கொதித்து வழிந்தது. சிவகாமி துணியைப் பிடித்து அதை இறக்கி வைத்தார். தணிகாசலம் வாசலுக்குத் திரும்பினார். நாற்காலியில் உட்காரவில்லை.

மதியம் சாய்ந்த பிறகு மூன்று பேர் கிளம்பி வந்தார்கள். எடிசனின் கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. பூங்கோதை தலையில் துண்டு போட்டிருந்தாள். இருவருடைய போன்களும் அணைக்கப்பட்டுப் பூங்கோதையின் பையில் கிடந்தன.

முன்னால் வந்தது சிவகாமி.

“சிவகாமிதான் கூட்டிட்டுப் போறேன்னாங்க,” என்றார் கமலவேணி. “மகளை அனுப்பி வச்ச அனுபவம் இருக்கு. எங்கேன்னு நான் கேட்கல.”

தணிகாசலம் கேட்டைப் பிடித்தபடி நின்றார். மூவரையும் பார்த்தார். பின்னாலிருந்த காட்டுப் பாதையைப் பார்த்தார். கீழே வளைந்து இறங்கும் தார் ரோட்டைப் பார்த்தார். இவர்கள் எதில் போவார்கள்? அங்கே யார் காத்திருப்பார்கள்? அந்த ஆள் யார்? நம்பலாமா?

சிவகாமி அவர் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை.

“என்னங்கய்யா, எங்க போறோம்னு கேக்கலையா?”

தணிகாசலம் தாழை எடுத்துக் கேட்டை அகலத் திறந்தார்.

“வேண்டாம்மா.”