தொட்டியோடு எடை போட்ட கஞ்சா

மலையடிவாரத்து ஊரொன்றில் தொட்டிச் செடிகளுக்கு எருமண் விற்றுப் பிழைத்தவள் ஒச்சம்மாள். புருஷனின் முதுகுவலிக்கு ஆகுமென்று கொல்லைத் தொட்டியில் ஒரே ஒரு கஞ்சாச் செடி வளர்த்தாள். அது இன்ஸ்பெக்டர் கனகசபாபதியின் கண்ணில் பட்டது. ஒற்றைச் செடியைப் பிடித்தால் பேப்பரில் யார் போடுவார்கள்? தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அப்படியே தூக்கிப் பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்தார். இருபத்திரண்டு கிலோ காட்டியது. இருபதைத் தாண்டினால் வியாபார அளவு; பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை, ஜாமீனும் லேசில் கிடைக்காது.

நீதிமன்றத்தில் தொட்டியையும் அந்தத் தராசையும் இறக்கி வைத்து, "பெரிய கடத்தல்காரிங்கய்யா இவ" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார் நீதிபதி.

ஒச்சம்மாள் கும்பிட்டாள். "இன்ஸ்பெக்டரய்யா சொன்னா சரியாத்தான் சாமி இருக்கும். நான்தான் இத்தனை நாளா வெறும் மண்ணுன்னு நெனச்சு வித்துட்டேன். இந்தத் தொட்டிக்கு மண்ணு அள்ளுன அதே குவியல்ல இருந்து அய்யா வீட்டு மாடி ரோசாவுக்கும் ஒரு வண்டி அடிச்சேன். அவுக வீட்டம்மாவையும் பிடிச்சாத்தானே நியாயம்?"

கூடமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் பதறினார். "அய்யா, அது வெறும் மண்ணுங்கய்யா!"

"அப்படின்னா இதையும் கொட்டிட்டு நிறுங்க" என்றார் நீதிபதி.

சட்டக் கணக்கில் பூதான் கஞ்சா என்பதால், மண்ணும் வேரும் தண்டும் இலையும் போகப் பூ மட்டும் மிஞ்சியது. அதற்கு இரும்புக்கடைத் தராசின் முள் அசையவே இல்லை. எதிரே நகைக்கடையில் தராசு இரவல் வாங்கி வந்தார்கள்.

"வளர்த்தது தப்புதாம்மா, அந்த வழக்கு நடக்கும். இப்போ ஜாமீன்ல வீட்டுக்குப் போ" என்றார் நீதிபதி.