ஆயிரம் பீடிக்கு எத்தனை மணி?

மலையடி மடத்துச் சாமியம்மாவுக்கு நாற்பது வயசு. அவருடைய சீடர் வேலாண்டிக்கு அறுபத்திரண்டு. மில்லில் முப்பது வருஷம் ஆள்களுக்கு நேரம் குறித்தவர். வேலையை விட்டாலும் அதற்கு வைத்திருந்த கைக்கடங்கிய கடிகாரத்தை விடவில்லை. ஒரு அமுக்கு அமுக்கினால் ஓடும், மறு அமுக்கில் நிற்கும்.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு ஆறு மணி நேரம் போதும் என்றார் இலை தரும் ஏஜென்ட். பத்துக்குக் குறையாது என்றார்கள் பெண்கள். மடத்து ஆள் பொய் சொல்லமாட்டார், வேலாண்டியே அளக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. அவர் எழுதித் தருகிற நேரத்துக்குள் முடிக்காத வீட்டுக்கு இனி இலை கிடையாது.

வேலாண்டி, பீடி சுற்றும் முத்துப்பேச்சி வீட்டில் உட்கார்ந்து அளந்தார். தாளோடு திரும்பியபோது மடத்து வாசலில் ஏஜென்ட் காத்திருந்தார். வேலாண்டி நேரே உள்ளே போனார்.

"அஞ்சே முக்கால் மணி நேரம், அம்மா."

"காலையில எட்டு மணிக்குப் போனீங்க. இப்ப அஞ்சு ஆச்சே, அண்ணாச்சி?"

"அவ எந்திரிச்ச நேரத்தையெல்லாம் கழிச்சிட்டேன். புள்ள அழுதுச்சு, நிறுத்தினேன். குழாயில தண்ணி வந்துச்சு, நிறுத்தினேன். சரியில்லைன்னு திரும்பி வந்த பீடியப் பிரிச்சா, அப்பவும் நிறுத்தினேன். விரல் சுத்துன நேரம் மட்டுந்தான் கணக்கு. மில்லுல அப்படித்தான்."

"இலை?"

"அதை நான் போறதுக்கு முந்தியே நனைச்சு வெட்டி வச்சிருந்தா."

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

"'கடியாரச் சாமி, மூச்சு விடுத நேரத்தையும் கழிச்சிருவீகளோ'ன்னு சிரிச்சா."

சாமியம்மா கையை நீட்டினார்.

"அந்தக் கடியாரத்த இங்க குடுங்க. தொட்டியில பத்துக் குடம் தண்ணி ஊத்துங்க."

கிணறு மேட்டுக்கு அந்தப் பக்கம். வேலாண்டி இறைத்தார், சுமந்தார், மேடு ஏறினார், ஊற்றினார். நாலாவது குடத்துக்குக் கயிறு அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி இறைத்தார். பத்தாவது குடத்தை ஊற்றிவிட்டு, மேல்மூச்சு வாங்கத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ரெண்டு நிமிஷம்" என்றார் சாமியம்மா.

"எதுக்கு?"

"பத்துக் குடத்துக்கு."

"என்னம்மா சொல்லுதீங்க? ஒரு மணி நேரமாச் சாகுதேன்!"

"தொட்டியில தண்ணி விழுந்த நேரம் மட்டுந்தான் ஓடவிட்டேன். ஒரு பகலுக்கு மூவாயிரம் குடம் ஊத்திருவீங்க போல."

வேலாண்டிக்குக் கோபமே வந்துவிட்டது.

"அப்ப இறைச்சது, சுமந்ததெல்லாம் யாரு செஞ்ச வேலை?"

கேட்டுவிட்டு, மடியில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

எழுந்து வாசலுக்குப் போனார். ஏஜென்ட் கண்முன்னாலேயே தாளைக் கிழித்தார்.

"வே, என்ன செய்தீரு?"

"இன்னும் அளந்து முடியலவே. நாளை கழிச்சு வாரும்."

திரும்பி வந்து சாமியம்மா முன்னால் நின்றார்.

"நாளைக்கு அவ இலை நனைக்கும்போதே போய் அமுக்கிருதேன், அம்மா. இடையில நிறுத்தமாட்டேன். எல்லாம் முடிஞ்சு அவ பாயில படுத்தாத்தான் நிறுத்துவேன். சரிதானே?"

சாமியம்மா கடிகாரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"எதுக்கும் அவ மாமியாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்துங்க, அண்ணாச்சி. தூக்கத்துலயும் அந்த விரலு சுத்திக்கிட்டேதான் கிடக்காம்."