பின்கண்ணாடிக்கு ஒரு கையெழுத்து

புது ஸ்போர்ட்ஸ் காரின் பின்கண்ணாடி தபால்பெட்டியின் வாய் அளவுக்குத்தான் இருந்தது. அதை வடிவமைத்த பெரிய அதிகாரி வாகீசனுக்கு அதுதான் அழகு. கம்பெனியில் கார்களை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை அமலோற்பவத்துக்கு.

"பின்னால எல்லாம் நல்லாத் தெரியுதுன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே" என்றார் வாகீசன், எல்லோர் முன்னாலும்.

"போடுறேன் சார். நீங்க காருக்குப் பின்னால போய் நில்லுங்க. ஒரே ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்துட்டுப் போடுறேன்" என்றாள் அவள்.

வாகீசன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அதை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மாலைக்குள் வேறொருவன் கையெழுத்துப் போட்டான். அமலோற்பவத்துக்கு வேலை போனது. கார் அமோகமாக விற்றது. இப்போது தெருவில் அந்தக் கார் பின்னால் நகர்ந்தால், யார் வீட்டுப் பிள்ளை நின்றாலும் ஓடிப்போய் இழுத்துக்கொள்கிறாள். எத்தனை தெருவில்தான் ஓடுவாள்?